என் அம்மாவுக்கு வந்த பொங்கல்படி

சிவனாண்டித் தாத்தா எனக்கு எந்த வழியில் தாத்தா என்று கேட்டால், ஒரு வழியிலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் அப்பா வேல்சாமியின் முதல் மனைவி சீனித்தாய். அவளைப் பெற்றவர் அவர். சீனித்தாய் கல்யாணமான மூன்றாம் வருஷம் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம், எழுபத்தொன்று ஆவணியில், அப்பா என் அம்மா ஆறுமுகத்தாயைக் கட்டினார். அதற்கும் பிறகு பிறந்தவள் நான். ரத்தக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதோடு எழுந்து போய்விடலாம்.

எங்கள் பக்கம் பொங்கல்படி என்று ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பொங்கலுக்கு முன்பு பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், தேங்காய், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு எல்லாம் கொண்டு வந்து கொடுப்பார்கள். தகப்பன் இருக்கும் வரை தகப்பன், அதற்குப் பிறகு அண்ணன் தம்பி. மார்கழி கடைசியில் எங்கள் இடைசெவலில் பெண்கள் சந்தித்தால் முதல் கேள்வியே படி வந்துவிட்டதா என்பதுதான். வராதவள் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த சித்தப்பா அவளை இரண்டாம் தாரமாகத் தள்ளிவிட்டதோடு கை கழுவிவிட்டார். ஆகவே தனக்குப் படி வராது என்று அம்மாவுக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளையில்லாமல் செத்துப்போன மகளின் சீர்ப் பாத்திரங்களைப் பிறந்த வீட்டார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எழுபத்திரண்டு பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, சீனித்தாயின் அய்யாவைக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். பாத்திரத்துக்குத்தான் வருகிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். நினைத்த கையோடு, பருத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவியும் விட்டார். இந்த வீட்டு ஆண்களின் வீரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

அம்மா தனியாக நின்று எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கினாள். இரண்டு வெண்கலப் பானை, குடம், அண்டா, உருளி, சொம்பு, குத்துவிளக்கு. ஐந்து மாதமாக அவள் புழங்கிய பாத்திரங்கள். ஒன்று விடாமல் முற்றத்தில் வரிசையாக வைத்துவிட்டு, சோறு வடிக்க ஒரு மண்பானையை மட்டும் அடுப்படியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தாத்தா வந்தபோது தலையில் ஒரு சாக்கு, தோளில் கரும்பு. அம்மா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"எண்ணிப் பாத்துக்கோங்கய்யா. சொம்பு மட்டும் நசுங்கியிருக்கு. அது என் கையில நசுங்குனதுதான்."

தாத்தா அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் மகளுக்குச் செய்த சீர் அது, பார்க்காமல் இருக்க முடியுமா?

"பானையெல்லாம் முத்தத்துல கெடந்தா எதுல பொங்கல் விடுவ? எடுத்து உள்ள வையி தாயி."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"படி கொண்டாந்திருக்கேன். கரும்ப வாங்கு. தோளு வலிக்கி."

அம்மா கரும்பை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். அதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டேதான்.

அன்றிலிருந்து பதினேழு பொங்கலுக்குத் தாத்தா வந்தார். அவர் ஊரான எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்களூருக்கு இன்னொரு பஸ். வழியில் எந்தப் பிள்ளை அழுதாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கிழங்குக் கட்டு எங்களிடம் வந்து சேரும்போது எப்போதும் இளைத்திருக்கும். ஒரு வருஷம் பக்கத்து சீட்டில் வந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு வெல்லம் முழுவதையும் கொடுத்துவிட்டு, எங்களூர்க் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். யாருக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்கு மறக்காது. அப்பாவுக்குக் கருப்பட்டி மிட்டாய், எனக்குச் சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி. அம்மாவை அவர் ஒருநாளும் சீனித்தாயின் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வாய் தவறிக்கூட இல்லை. ஆறுமுகம் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஊரில் இதைச் சிரிப்பாகச் சிரித்தார்கள். செத்தவளுக்குப் படி கொண்டு போகிற கிறுக்கன் என்றார்கள். அவருடைய ஒரே மகன் சாமித்துரை மாமாவுக்கும் இது பிடிக்கவில்லை. எண்பத்துமூன்று பொங்கலுக்கு மழை இல்லாமல் கம்பும் பருத்தியும் கருகிக் கிடந்தன. மாமா அன்று வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்து சத்தம் போட்டாராம்.

"நம்ம வீட்டுலயே ஒலையில போட அரிசியில்ல. அவ யாருய்யா நமக்கு?" என்று மாமா கேட்டதைத் தாத்தாவே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த வருஷம் ஒரே ஒரு கரும்பும் இரண்டு படி அரிசியும் எனக்குச் சீனிக்கிழங்கும்தான் வந்தன. சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயமா அது என்று எனக்குக் கோபம்.

என் கோபத்துக்கு அந்த வருஷம் இன்னொரு காரணமும் இருந்தது. அவர் என் சொந்தத் தாத்தா இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அம்மா அவித்த சீனிக்கிழங்கை வாங்காமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க எங்கம்மையப் பெத்தவரு இல்லியாமே?"

"இல்லதான்."

"அப்ப நான் உங்களுக்குப் பேத்தி இல்லியா?"

"இதென்னட்டி கேள்வி? கெழங்கத் தின்னு, ஆறிப் போவும்."

அவர் பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கேள்வி அப்படியே எனக்குள் கிடந்தது.

எண்பத்தெட்டு கார்த்திகையில் தாத்தா இறந்தார். சேதி சொல்ல ஆள் அனுப்பியது மாமாதான். மழை பெய்து கரிசல் குழைந்து கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலில் அப்பிய மண்ணோடு போய்ச் சேர்ந்தோம். பெற்ற மகள் என்றால் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி அவர் தலைமாட்டில் விழ வேண்டும். அம்மா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாசல் வரை ஓடினாள், வாசலில் நின்றுவிட்டாள். பிறகு ஊர்ப்பெண்கள் இருந்த ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ யாரு தாயி? அவியளுக்கு என்ன வேணும்?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"இடைசெவல்லருந்து வாரோம்" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் பக்கம் தாத்தா பாட்டி இறந்தால், பாடை தூக்குவதற்கு முன்பு பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்பார்கள். குச்சியில் துணியைச் சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திக் கையில் கொடுப்பார்கள். மாமாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. அவர்கள் மட்டும் பிடித்தால், நான் பேத்தியா என்ற அந்தப் பழைய கேள்விக்கு ஊரறியப் பதில் கிடைத்துவிடும். அதைப் பார்க்க நான் நிற்க மாட்டேன், பஸ் ஏறிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

நீராட்டி, மாலை போட்டு முடித்தார்கள். சடங்கு செய்கிறவர் நெய்ப்பந்தங்களோடு வந்து பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். மாமாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். அவர் கையில் இன்னும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"மூணு பந்தம் சுத்தச் சொன்னீகளே அண்ணாச்சி, இன்னொன்னு யாருக்கு?"

மாமா கூட்டத்தைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்பு சத்தம் போட்ட அதே மனிதர்.

"ஏட்டி சந்தனமாரி, அங்கன என்ன செய்யுத? இங்கன வா. நெய் வடியுது."

நான் போய் வாங்கிக்கொண்டேன். நெய் ஒரு சொட்டு விரலில் விழுந்தது. தாத்தா என்று அப்போதுதான் கத்தி அழுதேன்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பிள்ளைக்கும் குடுக்கணும்னு அய்யா சொல்லிட்டுப் போனாகளா அண்ணே?"

"அவரு ஒண்ணும் சொல்லல" என்றார் மாமா. "நீ என்ன அசலூர்க்காரி மாதிரி ஓரத்துல போயி உக்காந்திருக்க? உள்ள போயி அய்யா தல வச்சிருந்த எடத்துல வெளக்கப் பொருத்து."

அம்மா எழுந்து முடியை முடிந்துகொண்டு உள்ளே போனாள்.