அழகர்சாமி வண்டியின் நடுக்கம்

டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது கண்ணை மூடினால், வீட்டில் அழுகை அடங்குவதற்குள் யாரோ ஒருவர் அழகர்சாமிக்குப் போன் செய்துவிடுவார். மேலூர் பக்கத்துக்காரர். ராணுவத்தில் லாரி ஓட்டி, பாதி ஆயுளை லடாக் மலைப்பாதைகளில் கழித்துவிட்டு, மகள் படிப்புக்காக டெல்லியிலேயே தங்கிவிட்டவர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கு அரிசி மூட்டையும் தேங்காயும் கொண்டுபோய் இறக்குவதுதான் பிழைப்பு. சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் சரக்கை இறக்கிவிட்டு, வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, துவைத்த ஜமக்காளத்தை விரித்துக்கொண்டு போய் வாசலில் நிற்பார். அதற்கு மட்டும் கூலி வாங்க மாட்டார்.

"பனியில செத்தவங்க எத்தன பேரக் கொண்டாந்து எறக்கியிருக்கேன். அவங்க வீட்டாளுக யாருன்னே தெரியாது. இங்க அவங்க கூடவாச்சும் நிக்கிறேன்ல" என்பார்.

அகல்யாவை அவர் ஏற்றிப்போனது ஒரு மழைக்காலக் காலையில். அகல்யாவின் கணவர் விஸ்வநாதன் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வைஷ்ணவிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில்தான் இருவரும் இருந்தார்கள். அகல்யாவுக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. மூச்சுக் கருவியில் வைத்து இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம், இல்லையென்றால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு என்று சொன்னவர் விஸ்வநாதன். வந்த சில நாளிலேயே அவள் போய்விட்டாள்.

லோதி ரோடு மயானத்துக்குப் போகும்போது விஸ்வநாதன் பின்னால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழகர்சாமி பிரேக்கை மிதித்தபோதெல்லாம் ஸ்டியரிங் கையில் உதறியது. வண்டி முழுக்க நடுங்கி நின்றது. சில வாரமாகவே இருந்த கோளாறுதான். அரிசி மூட்டைகள் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. ஒரு சிக்னலில் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். விஸ்வநாதன் இரண்டு உள்ளங்கைகளாலும் மனைவியின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தகனம் முடிந்து படியிறங்கும்போது விஸ்வநாதன் அவர் கையைப் பற்றினார்.

"வழி முழுக்க வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டிண்டே வந்தா, அழகர்சாமி. நேக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

பதில் சொல்வதற்குள் உறவினர்கள் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்து வந்த அழைப்புக்கு அழகர்சாமி போகவில்லை. வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். பிறகு முகமதுபூரில் இருந்த குல்வந்த் சிங்கின் பட்டறைக்கு வண்டியை விட்டார். குல்வந்த் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்கைச் சுற்றிவிட்டு அளவு பார்த்தார். டிஸ்க் ஒரே தளத்தில் சுற்றாமல் அலைந்தது. கடைந்து கொடுத்தால் கொஞ்ச நாள் ஓடும், பாரம் ஏற ஏற மறுபடி இதே கதைதான், கனமான டிஸ்க்காகப் போட்டுவிடு என்றார். அதற்குச் சொல்லிவைத்துவிட்டு வந்த அன்றே வைஷ்ணவி போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா சரியாவே சாப்பிடறதில்ல. அம்மா தலைய ஆட்டினா, நான்தான் அவசரப்பட்டு அவளைக் கொன்னுட்டேன்னே சொல்லிண்டிருக்கார். க்யா கரூம், நான் என்ன பண்றது, சொல்லுங்கோ."

புது டிஸ்க் வந்து சேர்ந்தது. அதை மாட்டுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்சாமி விஸ்வநாதன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சார், அன்னைக்கு ஆடுனது அம்மா இல்ல சார். என் வண்டி. பிரேக்குல கோளாறு."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றேள்."

"நீங்களே வந்து பாருங்க."

விஸ்வநாதன் கீழே இறங்கி வந்தார். வண்டியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு முன்சீட்டுக்குப் போகாமல் பின்னால் ஏறி, மனைவியைக் கிடத்தியிருந்த இடத்தில் தானே படுத்துக்கொண்டார்.

"சார், அங்க வேணாம் சார். உசுரோட இருக்கவங்க படுக்குற எடமில்ல அது."

"ஓட்டுங்கோ."

சாணக்யபுரியின் அகலமான சாலையில் ஆளில்லை. அழகர்சாமி வண்டியை ஓட்டினார். பிரேக்கை மிதித்தார். வண்டி நடுங்கி நின்றதும் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தார். விஸ்வநாதன் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார்.

"நான் ஆட்டலை. தானா ஆடறது" என்றார். "இன்னொரு தரம்."

அங்கிருந்து இருவரும் நேரே பட்டறைக்குப் போனார்கள். குல்வந்த் பழைய டிஸ்குகளைக் கழற்றி, அவை உட்காரும் இடத்துத் துருவைத் தேய்த்தெடுத்து, புதியதை இரண்டு பக்கமும் மாட்டி, பிரேக் பேடும் மாற்றினார். புது பேடு டிஸ்கோடு படியும்வரை மெதுவாக மிதித்து மிதித்து ஓட்டச் சொன்னார். அதே சாலைக்குத் திரும்பினார்கள். விஸ்வநாதன் மறுபடியும் பின்னால்தான் படுத்துக்கொண்டார். இந்த முறை வண்டி தண்ணீரில் படகு ஒதுங்குவதுபோல் நின்றது.

அழகர்சாமி மலர்ந்த முகத்தோடு பின்னால் போனார். விஸ்வநாதன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்போ அவ ஒண்ணுமே சொல்லலை" என்றார். "வேண்டாம்னும் சொல்லலை. சரின்னும் சொல்லலை."

இப்படியொரு வார்த்தையை அழகர்சாமி எதிர்பார்க்கவில்லை. பாரத்தை இறக்கி வைப்பதாக நினைத்தவர், அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்ததையும் பிடுங்கிவிட்டோமோ என்று கலங்கினார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். விஸ்வநாதன் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் இவர் கேட்டார்.

"வீட்டுக்கு வந்தப்புறம் அம்மா எப்பிடி சார் இருந்தாங்க?"

விஸ்வநாதன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஜன்னலைத் தொறக்கச் சொன்னா. கீழ குழந்தைகள் கிரிக்கெட் ஆடிண்டிருந்தது. அந்தச் சத்தம் வேணும்னா. என்னை இந்தண்டை வந்து படுத்துக்கச் சொன்னா. ஆஸ்பத்திரில நீங்க கிட்டக்கயே இல்லையேன்னா."

"அத அவங்க வாயால சொன்னாங்கள்ல சார்."

விஸ்வநாதன் அவரையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தூதரக வாசலிலிருந்து ஒரு போலீஸ்காரர் லத்தியை ஆட்டி வண்டியை நகர்த்தச் சொல்லிக்கொண்டு வந்தார். "காடி ஆகே கரோ, பாய்!"

விஸ்வநாதன் இறங்கி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அன்று மதியம் அப்பா ரசஞ்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று வைஷ்ணவி போனில் சொன்னாள். முழுதாகத் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் ஜன்னலைச் சாத்தவே விடுவதில்லையாம். ஆனால் அவளைக் கொன்றேன் என்ற பேச்சு அதன் பிறகு அவர் வாயில் வரவில்லை. அழகர்சாமியும் அழைப்பு வந்த வீடுகளுக்குப் பழையபடி போகத் தொடங்கினார்.