சாவுக் கேமராவுக்கு முன்னால் நின்றவன்

மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் ஈப்போவில் போட்டோ கடை போட்டேன். வாடகைக்கு இருந்த கடையை வாங்கினேன். பிறகு பக்கத்துக் கடையையும் வாங்கி நடுச்சுவரை இடித்தேன். “தோட்டத்தான் எத்தன நாளைக்குத் தாங்குவான்” என்று சிரித்த எதிர்க்கடைக்காரர், தம் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். பிலிம் செத்தபோது பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் கதவை இறக்கின. நான் பாஸ்போர்ட் படம் எடுத்தேன், பிரேம் அடித்தேன், நிமிர்ந்து நின்றேன். பிள்ளைகள் எல்லாரையும் யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன். இதில் ஒரு செங்கல்கூட அடுத்தவன் எடுத்துக் கொடுத்ததில்லை.

அப்படிப் படிக்கவைத்த மூத்த மகன் இப்போது என் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு கேமராக்களை விற்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திடீரென்று பிலிம் மேல் ஆசை வந்திருக்கிறது. போனில் படத்தைப் போட்டவுடன் விலை கேட்டு வருகிறார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அவன் ஜெர்மன் கேமராவை எடுத்துத் தனியாக வைத்தான். நான் மூலையில் கிடந்த இரட்டைக் கண் கேமராவைக் காட்டினேன்.

“அப்பா, இதுக்கு மூடியே ஒடஞ்சி போச்சு லா. ஷட்டரும் இறுகிக் கெடக்கு. இத வச்சி என்னா செய்யப் போறீங்க?”

“கும்பிடப் போறேன்” என்றேன்.

அது என் மாமாவுடைய கேமரா, என் தாயாரின் அண்ணனுடையது. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் இருந்தோம். மாமா காலையில் மரம் சீவுவார். மத்தியானம் குளித்து, தலைவாரி, கழுத்தில் கேமராவை மாட்டினால் அவரே வேறு ஆள். அவரிடம் இரண்டு கேமராக்கள். ஒன்று சின்னது, பெட்டி மாதிரி இருக்கும், எடுத்தால் பாதிப் படம் மங்கல். மற்றது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி, ஊர் மாறிப்போன கிராணியிடம் வாங்கியது. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் கண்ணாடிக்குள் லயமே தெரியும், ஆனால் இடம் வலமாக. இந்தப் பக்கம் போகிற கோழி உள்ளே அந்தப் பக்கம் போகும். எனக்கு அதைவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அந்த நல்ல கேமராவுக்குச் சாவுக் கேமரா என்று பெயர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவர் செத்தால், சவப்பெட்டியைச் சற்று நிமிர்த்தி, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தம் முகம் பார்க்க வேண்டுமே. மாமா இந்தக் கேமராவை வாங்கிய வாரம் அவருடைய தலைப்பிள்ளை பிறந்தது, பேர் வைக்கும் முன்னேயே போய்விட்டது. கேமராவில் எடுத்த முதல் படம் அதுதான். அதோடு சரி, ஜனங்கள் முத்திரை குத்திவிட்டார்கள். பிணம் இல்லாத இடத்தில் அது கண்ணைத் திறந்தால் எதிரே நிற்கிறவரையே எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. சாவு வீட்டுக்கு நல்ல கேமரா, கல்யாண வீட்டுக்கு மங்கல் கேமரா. ஆயுத பூசைக்குச் சின்னதுக்கு மட்டும் சந்தனம் குங்குமம். ஒரு வருஷம் லென்சின் நட்டநடுவிலேயே வைத்துவிட்டார்கள். பெரியது துணி சுற்றி மூட்டைக்குள் கிடக்கும். தோட்டத்தில் அழகான படமெல்லாம் செத்தவர்களுக்குத்தான் வாய்த்தது.

சின்னம்மாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாமாவுக்குக் கடைசித் தங்கை. கழுத்துக்கு ஒரு சங்கிலி போட ஒரு கேமராவை விற்பது என்று ஆனது. எதை என்று யாரும் மாமாவைக் கேட்கவில்லை.

“அந்தச் சனியன மொதல்ல தொலைங்கண்ணே” என்றார் என் தாயார். “அண்ணி முழுகாம இருக்கிற வீட்டுல அத வைக்கலாமா?”

மாமா மூட்டையைப் பிரித்துப் பெரிய கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். மாமாவின் சம்சாரம், என் அத்தை, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாப்பாவிலிருந்து போட்டோ கடைச் சீனத் தவுக்கே வந்தார். முதலாளிதான், ஆனால் தமிழ் பேசுவார். பெரியதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “இது பாகுஸ் லா, நல்ல சாமான். சின்னது வேணாம், நீயே வச்சிக்க.” சொல்லிக்கொண்டே கேமராவின் பின்கதவைத் திறக்கப் போனார். மாமா சட்டென்று கையை வைத்து மறித்தார்.

“இரு தவுக்கே. ஒரு படம் எடுத்துக் காட்டுறேன்.”

மாமா மூடியைத் திறந்து வாசலைப் பார்த்தார். குழாயடியில் கூடியிருந்த ஜனம் அப்படியே பின்னால் போனது. வேலிக்கு அப்பால் ஒரு நாய்தான் மிச்சம்.

நான் ஓடிப்போய் நின்றேன். நெஞ்சை நிமிர்த்தி, கையைக் கட்டி, நேராகக் கண்ணாடியைப் பார்த்து. தைரியசாலி பிறவியிலேயே தைரியசாலிதான்.

என் தாயார் போட்ட கூச்சல், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம் வரை கேட்டிருக்கும். அப்போது அத்தை படியிறங்கி வந்தார். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் பின்னால் வந்து நின்று, தோளில் கையை வைத்தார்.

“எடுங்க” என்றார்.

மாமா எடுத்தார். பிறகு தவுக்கேயிடம், “சின்னத எடுத்துக்க. இது விக்கிறதுக்கு இல்ல” என்றார். தவுக்கே முணுமுணுத்துக்கொண்டே சின்னதை வாங்கிப்போனார். கிடைத்த காசு ஒரு ஜோடிக் காதுத் தோட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. சின்னம்மா கடைசிவரை என்னை “வாடா, என் சங்கிலிய முழுங்குனவனே” என்றுதான் வரவேற்பார்.

அதற்குப் பிறகு தோட்டமே என்னைக் கண்காணித்தது. தும்மினால் கூட்டம் கூடும். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது, “பாத்தியா” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கை கூடிவிட்டது. நான் சாகவில்லை. அத்தைக்கும் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அடுத்த கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்காரரே வந்து, “அந்தப் பெரிய கேமராவையே கொண்டாங்க” என்றார்.

இத்தனை வருஷமும், அத்தை என் மேல் உள்ள பாசத்தில் வந்து நின்றார் என்றே நினைத்திருந்தேன். போன வாரம், விற்பதற்கு முன் ஒவ்வொரு கேமராவாகத் திறந்து உள்ளே பிலிம் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. விற்கப்போகிற கேமராவில் எவனாவது பிலிம் போட்டு வைப்பானா? மாமா வைத்திருந்தார். அதனால்தான் திறக்கவிடவில்லை. அன்று மாமா எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். துணி துவைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அத்தை கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் நிற்கிறார். தலையில் பூ. கண் என் மேல் இல்லை, ஊர் மேல் இல்லை, ஒரு கை என் தோளிலும் மறு கை வயிற்றிலுமாகக் கேமராவையே பார்க்கிறார். தன் தலைப்பிள்ளையின் முகத்தை வாங்கி வைத்திருந்தது அது ஒன்றுதானே. அவர்கள் இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். நான் ஓடாவிட்டாலும் அவர் வந்து நின்றிருப்பார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கடையில் இந்தக் கேமராவுக்கு மேலே மாட்டப்போகிறானாம் மகன். கீழே, “தோட்டத்துத் தாயும் மகனும்” என்று எழுதியிருக்கிறான். அவர் என் தாய் இல்லை, நான் அவர் மகன் இல்லை. அழித்துவிட்டு ஒழுங்காக எழுதச் சொல்லியிருக்கிறேன். எடுத்தவர் மாமா. நிற்கத் துணிந்தவர் அத்தை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அவர் படியிறங்குவதற்கு முன்பே ஒருவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முன்னால், அந்தக் கண்ணுக்குத் தன் நெஞ்சைக் கொடுத்து நின்றான். அதையும் எழுத வேண்டும். பெரிய எழுத்தில், என் பெயரோடு.