கவுண்ட்டருக்கு வெளியே நின்ற ராணியம்மா

போன வாரம் முருகேசன் ஃபோன் செய்தார். துபாய் ஜெபல் அலியில் கிடங்கு வேலை பார்ப்பவர். "என்ன தம்பி, வீட்டம்மா துரத்தி விட்டுட்டாங்களா?" என்று வழக்கம்போல் வம்பிழுத்தேன். "ராணி போயிட்டாண்ணே. காலையில நெஞ்சுவலி" என்றார்.

முருகேசனின் மனைவி ராணியம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, தாமும் ஷார்ஜாவில் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தவர். படிப்பு முடிய ஒரு மருந்துக்கடையில் பயிற்சி எடுத்தாக வேண்டும். வயதைப் பார்த்துக் கடைகள் கைவிரித்தன. நான் பைக்கில் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில்தான் கடைசியில் இடம் கிடைத்தது. அங்கே மருந்தாளுநர் பஷீர் பாய், கீழக்கரைக்காரர், கறாரானவர்.

"லைசென்ஸ் வர்ற வரைக்கும் கவுண்ட்டருக்கு உள்ள வரக்கூடாது. மருந்துல கை வைக்கக்கூடாது. வச்சீங்கன்னா கலாஸ், பயிற்சியும் போச்சு, வேலையும் போச்சு" என்றார்.

அதனால் வெளிப்பக்கம் நின்று சோப்பும் டயப்பரும் அடுக்கினார். "என்னம்மா, விக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?" என்பேன். "உங்க வாய்க்கு ஒட்ட பிளாஸ்டர் தேடுறேண்ணே" என்பார்.

ஒருநாள் பஷீர் பாய் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அஸர் தொழப் போயிருந்தார். ஒருவர் ஓடிவந்தார். வாசலில் காரில் அவருடைய மகன். மூச்சு விசில்போல் இழுத்தது. வழக்கமாக அடிக்கும் இன்ஹேலர் தீர்ந்துவிட்டதாம்.

"அந்த நீலப் பெட்டிதாங்க! எடுங்க!"

எட்டினால் எடுக்கலாம். ராணியம்மா எடுக்கவில்லை. "அண்ணே, பள்ளிவாசலுக்கு ஓடுங்க, பாயைக் கூப்பிடுங்க!" என்று என்னை விரட்டினார். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டபடியே காருக்குப் போய்ப் பையனை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

"எடுத்துக் குடுத்தா கை தேஞ்சிருமா? நீயும் ஒரு தாயா?" தகப்பன் கத்தியது பள்ளிவாசல்வரை கேட்டது.

பஷீர் பாய் தொழுகையை முறித்து வெறுங்காலோடு ஓடிவந்தார். மருந்து உள்ளே போனது. இழுப்பு மெல்ல அடங்கியது. ஆம்புலன்ஸ் வந்து பையனை அழைத்துப்போனது.

"மாஷா அல்லாஹ், சட்டத்தை மீறல நீங்க" என்றார் பஷீர் பாய்.

அதோடு விட்டிருக்கலாம். ராணியம்மா விடவில்லை. "இல்ல பாய். நீங்க வர்றதைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். வரலைன்னா உள்ள போய் எடுத்திருப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயிருப்பேன்."

கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லி, கிடைத்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொள்கிறாரே! பஷீர் பாய் வெகுநேரம் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கடையைத் தொறந்து போட்டுட்டுப் போனது என் தப்பு" என்றார் பிறகு. "இனி பூட்டிட்டுத்தான் போவேன். லைசென்ஸ் வரட்டும். பயிற்சி முடிஞ்சும் நீங்க இங்கதான்."

லைசென்ஸ் வந்த அன்று ராணியம்மா உள்ளே போகக் கவுண்ட்டர் பலகையை பஷீர் பாயே தூக்கிப் பிடித்தார். முதல் போணி நான்தான். "தலைவலிக்கு மாத்திரை குடுங்கம்மா."

"எத்தனை நாளா? காய்ச்சல் உண்டா? வேற மருந்து சாப்பிடுறீங்களா?"

"அட, தலையே வலிக்கலம்மா!"

"அப்ப மாத்திரை கிடையாது. அடுத்த ஆள் வாங்க."

நேற்று அவர் உடல் ஊருக்கு விமானம் ஏறியது. முருகேசனின் தோளைப் பிடித்தபடி நாங்கள் நின்றோம். சென்று வாருங்கள், ராணியம்மா. நீங்கள் கொடுத்த மாத்திரையை நாங்கள் ஒருநாளும் பயந்து விழுங்கியதில்லை.