கொலை வீட்டைக் காட்டியவர்

யார் செய்தது என்று கண்டுபிடிக்கப்படாத ஒரு கொலை நடந்த வீட்டை, வெளியூர்க்காரருக்குக் கூட்டிச் சென்று காட்டும் ஓட்டோக்காரர் ஒருவர் முல்லைத்தீவில் இருந்தார். விடுமுறையில் போயிருந்த நானும் நண்பர்கள் இருவரோடு ஏறினேன்.

கட்டையான, கழுத்துத் தடித்த மனிதர். சமையலறையில் நின்று கையைக் கத்தியாக ஓங்கி, நடந்ததை நடித்தே காட்டினார்.

"இந்தக் குசினியிலதான் முதல் வெட்டு. கையாலை தடுத்திருக்கிறா. விரலுகள் இதில கிடந்தது. பிறகு தலைமயிரில பிடிச்சு இழுத்திருக்கிறான்."

சுவரில் இரத்தம் கறுத்துப் போயிருந்தது. அவரோ சுவரைப் பார்க்கவேயில்லை. எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தார்.

வாந்தி வர, நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போனேன். ஓடிவந்தவர் என் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுக்கட்டில் சாய்த்து நெரித்தார்.

"கிணத்தடியிலதான் முடிச்சவன் எண்டு நான் இன்னும் சொல்லேல்லை. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கொண்டும் தெரியாது. சத்தி வந்தது, அதுதான் வந்தனான்."

நண்பர்கள் அவரை இழுத்து விலக்கினார்கள். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"அவ என்ர தங்கச்சி. செய்தவன் ஒருநாள் பார்க்க வருவான். அதுக்குத்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

பொலிசுக்குப் போகலாம் என்றார்கள் நண்பர்கள். நான் மறுத்துவிட்டேன். என் கழுத்தை நெரித்தபோது அவர் முகத்தில் அப்படியொரு ஆறுதல் இருந்தது. நான் அவனில்லை என்று தெரிந்ததும் அது போய்விட்டது. அவர்மீது எனக்குக் கோபம் வரவேயில்லை. அவருக்கு ஏமாற்றம் தந்துவிட்டேன் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.