கணவர் கோல் கீப்பர், நான் கோவில்பட்டி கட்சி

ஹாக்கி கோல் கீப்பர் காலில் கட்டும் பேட் வெயிலில் காயும் வாடை தெரியுமா உங்களுக்கு? வியர்வையும் கேன்வாஸும் பூட்ஸுக்குப் பூசும் வெள்ளையும் கலந்த ஒரு வாடை... கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து செகந்திராபாத் வந்த புதிதில், எங்கள் குவார்ட்டர்ஸ் பால்கனி முழுக்க அதுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் அருள், எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் டெக்னீஷியன். ஃபாக்டரி ஹாக்கி டீமின் கோல் கீப்பரும் அவர்தான். செகந்திராபாத் லாலாகுடாவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார், நடுநடுவே ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, ஏனுக்கு கைக்கு எல்லாம் வந்து விழும்.

எனக்கு ஹாக்கி புதிதில்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் மைதானம். மாடியில் துணி காயப்போடப் போனால், மேட்ச் முடியாமல் இறங்க மாட்டேன். அம்மா கீழிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவாள்.

ஒருநாள் சாயங்காலம் அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். செகந்திராபாத்தில் அப்போது ஒரு டோர்னமென்ட் நடந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு செமி ஃபைனல். யாரோட, சொல்லு?"

"யாரோட?"

"உங்க ஊரு பசங்க."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது... எதிரே கோல் போஸ்ட்டில் நிற்கப்போவது இவர்.

மாமியார் எங்களோடுதான் இருந்தார். "நாளைக்கு நல்ல புடவை கட்டிக்கிட்டு முன் வரிசையில ஒக்காரு. கீப்பர் பொண்டாட்டி இல்ல நீ" என்றார்.

"நான் எங்க ஊருக்குத்தான் கை தட்டுவேன் அத்தை."

"கைக்கு? கட்டுன புருஷன் இந்தப் பக்கம் நிக்க, நீ அந்தப் பக்கம் சேந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். பேட் வாரைத் தைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"விடும்மா. அவ இஷ்டம்."

சொன்னாரே தவிர, அதற்கப்புறம் அன்றைக்குப் பேச்சே இல்லை.

மறுநாள் ஃபாக்டரிக்கு அரை நாள் லீவு. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவருடைய நண்பர்களின் மனைவிமார் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் பார்த்தால்... பசங்களின் பைகள், ஒரு பானைத் தண்ணீர், தலையில் துண்டு போட்ட கோச். அவ்வளவுதான். அவர்களுக்கென்று கை தட்ட ஒரு ஜீவன் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்துவிட்டேன்.

"எக்கடிகி வதினா?" எங்கே போறீங்க அண்ணி என்று யாரோ தெலுங்கில் கேட்டது காதில் விழுந்தது. மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நானும் கோவில்பட்டிதான்" என்றேன் கோச்சிடம்.

"நெசமாவா? இங்கயா இருக்கீக?" என்றவர், மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, நம்ம ஊரு அக்கா வந்துருக்காகல!"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று வந்து நின்றது. என் கணவர் அன்று பிரமாதமாக ஆடினார். காலாலும் கையாலும் எத்தனை பந்தைத் தடுத்தார்! முடியப்போகும் நேரத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெனால்டி கார்னர். ஒல்லியாக ஒரு பையன் ஓடிவந்து அடித்தான். பந்து அவர் காலுக்குக் கீழே புகுந்து வலைக்குள் போனது.

"அப்படிப் போடுல!"

மொத்த மைதானமும் கப்சிப். என் குரல் மட்டும்தான்.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இரண்டுக்கு ஒன்றில் ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் கிளவுஸைக் கழற்றிக்கொண்டு, பேட்டோடு தத்தித் தத்தி எங்கள் பக்கமே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கோல் போட்ட பையனுக்குக் கை கொடுத்துவிட்டு, கோச்சிடம் கேட்டார். "வந்ததுலேந்து என்ன சாப்பிடறீங்க?"

"ரொட்டியும் பருப்பும்தான் சார். பயலுவளுக்கு நாக்கு செத்துப்போச்சு."

"இன்னிக்கு எங்க வீட்ல சாப்பாடு. எல்லாரும் வரணும்."

வந்தார்கள். ஹால், பால்கனி, மாடிப்படி எல்லா இடத்திலும் தட்டோடு பசங்க. என்னோடு பேசாமலேயே மாமியார் மீன் குழம்பு வைத்திருந்தார். கரண்டியோடு வந்து நின்றார்.

"எம் மவனுக்கு கோல் போட்டது எவன்?"

அந்த ஒல்லிப் பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"உனக்கு வெறும் குழம்புதான். மீன் நக்கோ."

அடுத்த நொடி மாமியாரே அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

எல்லோரும் போன பிறகு என் கணவர் கேட்டார். "எனக்காக ஒரு வாட்டிகூட நீ கத்தலையே?"

"உங்களுக்கு ஒரு ஃபாக்டரியே கத்துச்சு. அந்தப் பசங்களுக்கு யாரு இருந்தா?"

பேட்டை பால்கனியில் கொண்டுபோய் வைத்தார். "ஹவ்... அதுவும் சரிதான்."

ஃபைனலுக்கு அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார். மாமியார் குடையோடு வந்தார். குடையை ஆட்டிக்கொண்டே தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் கத்தினார். ஆனாலும் எங்கள் ஊர் தோற்றுப்போனது. பசங்களைவிட மாமியாருக்குத்தான் அதிக வருத்தம்.

இப்போது மாமியார் இல்லை. நாங்கள் செகந்திராபாத்திலேயே ஏ.எஸ்.ராவ் நகரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்து வருஷக்கணக்காகிறது. முன்பெல்லாம் ஊரில் மேட்ச் நடந்தால், யாராவது சொல்லித்தான் பல நாள் கழித்து ரிசல்ட் தெரியும். இப்போது தம்பி மகன் ஊரிலிருந்து அனுப்பும் லிங்க்கில் போனிலேயே மேட்ச் பார்த்துவிடுகிறேன். செயற்கைப் புல்லில் பசங்க என்ன வேகமாக ஓடுகிறார்கள்! நானும் சோபாவில் உட்கார்ந்து கத்துகிறேன்.

"கைக்கு இப்படிக் கத்தறே? அங்க கேக்கவா போவுது?" என்பார் அவர்.

கேட்காதுதான்... அந்த ஒரு குறைதான்.