லாடம் அடித்த ஷூ

அப்பா சிக்கனத்துக்குப் பேர்போனவர். புது ஷூ வாங்கினால் முதலில் லஸ் முனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, அடி தேயாமல் இருக்க இரும்பு லாடம் அடித்த பிறகுதான் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போவார். தெருமுனையில் திரும்பும்போதே டக் டக்கென்று கேட்டுவிடும். நான் கதைப் புத்தகத்தை ஒளித்துவிட்டுப் பாடப் புத்தகத்தை விரிப்பேன்.

அந்த வருஷம் அத்தையின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அத்தை எங்கள் மந்தைவெளி வீட்டுக்கே வந்துவிட்டாள். யாரோடும் பேசுவதில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். "ரெண்டு வாய் சாப்பிடும்மா" என்று அப்பா தங்கையிடம் கெஞ்சுவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

என் கஷ்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் வீடியோ கேசட்டில் தமிழ்ப் படம் வருவது நின்றுபோனது. "யாரும் சாகாத படமா குடுங்கப்பா" என்று அப்பா கேட்க, கடைக்காரர் ஹாலிவுட்டின் பழைய ஆட்டப் படங்களாக எடுத்து நீட்டினார். அப்பாவுக்கு ரசனையே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. தொப்பி வைத்த ஒல்லி மனிதர் ஒருவர் மேஜை நாற்காலி மேலெல்லாம் தாவி ஆடுவார். கூடவே ஒரு பெண் பம்பரமாகச் சுற்றுவாள். அவர்கள் ஷூவும் அப்பாவின் ஷூ மாதிரியே சத்தம் போடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் அவ்வளவு குதித்தும் அந்த மனிதருக்கு மூச்சு வாங்கவில்லை, சிரிப்பு மாறவில்லை. உடம்புக்குக் கனமே கிடையாது என்பதுபோல ஆடினார். கொஞ்ச நாளில் என் காலும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா, அம்மா, நான் மூவரும் சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் டக் டக்கென்று சத்தம். அப்பா இங்கே இருக்கிறார், பின்னே யார்? எட்டிப் பார்த்தால், அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் ஷூவை மாட்டிக்கொண்டு, டி.வி.க்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கப் போக, அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அதற்குள் வாசலில் வீட்டுக்காரர். கீழ் வீட்டில் குடியிருப்பவர். நான் பந்து தட்டியதற்கே காலி பண்ணச் சொன்னவர். அப்பா வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நானும் பின்னாலேயே நழுவினேன்.

"இன்னா சார் இது? தலைமேல குதிரை ஓடுற மாதிரி கீது!"

"தங்கச்சி ஆடுறா சார்," என்றார் அப்பா.

வீட்டுக்காரர் மூடிய கதவைப் பார்த்தார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த காரணம் அவருக்கும் தெரியும்.

"ஆடட்டும் சார், ஆடட்டும். நான் ஊட்ல சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து, தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்புகிறார். உள்ளே டக் டக் நிற்கவேயில்லை.

வீடுதான் தப்பித்துவிட்டதே, இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.