நீலப் பூதத்துக்கு நூற்றெட்டுச் சுற்று

பட்டம் வாங்கியிருக்கிறேன், சொந்த வீடும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்றுவரை நான் மார்தட்டிக்கொள்வது ஒன்றுக்குத்தான். செந்தூல் அடுக்குமாடியில் நீலப் பூதத்தை முதலில் பிடித்தவள் நான்.

காட்டிலும் மலையிலும் திரியும் பூதங்களைப் பிடித்துச் சேர்க்கும் கையடக்க விளையாட்டு அது. மாமா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கித் தந்த மலிவுப் பிரதி. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. எனக்கும் அண்ணனுக்கும் ஓர் எழுத்துகூடப் புரியாது. புரியாததாலேயே எங்கு பார்த்தாலும் ஏதோ ஒளிந்திருப்பதாக நம்பினோம். பெட்டியின்மேல் நீலப் பூதத்தின் படம் இருந்தது. அடுக்குமாடியில் பல பிள்ளைகளிடம் அதே விளையாட்டு இருந்தும், பிடித்தவர்தான் யாருமில்லை.

விளையாட்டுக்குள் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு பாறை தனியாக நின்றது. கல் ஒன்று தனியாக நின்றால் அதைச் சுற்றி வராமல் வேறென்ன செய்வது? வெள்ளிக்கிழமை, வலமாக, நூற்றெட்டுச் சுற்று சுற்றினால் நீலப் பூதம் வரும் என்று அறிவித்தேன்.

அண்ணன் சிரித்தான். "வரலன்னா லீவு முடியிற வரைக்கும் கேம் எனக்குத்தான். ஓகேவா?"

ஓகே என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை குளித்து, கோழிக்கறியைத் தொடாமல் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சுற்றுக்கு ஒரு தீக்குச்சியாக அண்ணன் தரையில் அடுக்கினான். அம்மா எட்டிப் பார்த்தார்.

"சாமி கும்பிடுறியா, கேம் ஆடுறியா? விளக்கேத்த தீப்பெட்டி வேணும் லா."

வழியில் சில்லறைப் பூதங்கள் குறுக்கிட்டன. ஒவ்வொன்றிடமும் தப்பி ஓடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். நூறு தாண்டியும் ஒன்றுமில்லை. அண்ணன் கையை நீட்டத் தயாராகிவிட்டான். நூற்றாறாவது சுற்றில் திரை இருண்டு, நீலமாக எழுந்து நின்றது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வலை. வீசினேன். மாட்டிக்கொண்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அடுக்குமாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் சைவம். எல்லோருக்கும் பூதம் கிடைத்தது. சிலருக்கு முப்பதாவது சுற்றிலேயே வந்துவிட்டது. அவர்களுக்குப் பக்தி அதிகம் என்று முடிவு செய்தோம். விடுமுறை முடிவதற்குள் கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கே அத்தை மகன் என் முறையை எனக்கே ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தான். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்திருந்தான். முதல் முறை கேட்பவள்போல் தலையாட்டினேன். உள்ளுக்குள் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதே வரிசையில் எத்தனையாவது விளையாட்டோ, போன மாதம் வந்தது. எந்தப் பூதம் எங்கே வரும் என்ற பட்டியல், வாங்குவதற்கு முன்பே என் மகளின் கைப்பேசியில் இருந்தது. பிடித்தாள், டிக் அடித்தாள், இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் மூலையில் போட்டாள். மனசு கேட்காமல் என் கதையைச் சொன்னேன். உடனே தேடிப் பார்த்தாள்.

"அம்மா, பாறையில ஒண்ணும் இல்ல லா. அந்தப் புல்லுல நடந்துகிட்டே இருந்தா எப்பயாச்சும் வரும். அவ்வளவுதான்."

இருக்கட்டும். என் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் பாறையைச் சும்மாதான் வைத்தார்கள். அதைச் சாமியாக்கியவள் நான். அன்று பந்தயத்தில் ஜெயித்ததாக மட்டும்தான் நினைத்தேன். அந்த விளையாட்டில் பாதியை நாங்களே உருவாக்கிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.